குளிர் கீழேயிருந்துதான் வருது

ஜனவரி பிறந்தால் போதும், பேஸ்புக் முழுக்கக் கூடாரம்தான். நுவரெலியாவில் துகள் உறைபனி பொழியுதுன்னு செய்தி வரும். அடுத்த வாரமே கொழும்பிலிருந்து கோஷ்டி கோஷ்டியாக ரயில் ஏறுவார்கள். தலவாக்கலை தாண்டி, எங்க வட்டகொடை தாண்டி, அடுத்த ஸ்டேசனான கிரேட் வெஸ்டர்னில் இறங்கி, தோட்டத்து ரோட்டு வழியாக மலை ஏறுவார்கள். மூடுபனி, ஒரு கோப்பை தேத்தண்ணி, "சொர்க்கம்" என்று ஒரு வசனம். கெம்பஸில் நாங்கள் மலைநாட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் கூடப் படிப்பவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "மச்சான், அங்க குளிருக்கு எந்த ஸ்லீப்பிங் பேக் நல்லது?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. கீழே என்ன போடப் போறீங்கன்னு திருப்பிக் கேட்போம்.

ஏனென்றால் கூடாரத்தில் படுத்தவனை நடுங்க வைப்பது காற்று மட்டும் இல்லை, தரை. மேலே எவ்வளவு தடிப்பாகப் போர்த்தினாலும் முதுகும் இடுப்பும் தோளும் நேராக மண்ணோடு ஒட்டிக்கிடக்கின்றன. மண் விடிய விடிய சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது உங்கள் சூட்டில் சூடாகப் போவதும் இல்லை. மலை அவ்வளவு பெரிசு. ஸ்லீப்பிங் பேக் சூடாக வைத்திருப்பதே அதற்குள் இருக்கும் பஞ்சோ இறகோ உப்பி, காற்றைப் பிடித்து வைத்திருப்பதால்தான். நீங்கள் அதன்மேல் படுத்ததும் அடியில் இருப்பது நசுங்கிப் போகுது. நசுங்கினால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் வெறும் துணி. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய பேக்கின் அடிப்பாதி உங்களுக்கு ஒரு பெட்ஷீட் அளவுக்குத்தான் உதவும்.

கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பேக்கில் "5 பாகை வரை" என்று ஒரு எண் போட்டிருக்கும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கச் சோதனைக்கூடத்தில் சூடேற்றிய ஒரு பொம்மையை பேக்குக்குள் கிடத்துகிறார்கள். அந்தப் பொம்மையை வெறுந்தரையில் கிடத்துவதில்லை. அதற்குக் கீழே குளிர் தாங்கும் பாய் ஒன்று விரித்துத்தான் அளக்கிறார்கள். பாய் இல்லாமல் படுத்தால் அந்த எண் உங்களுக்குச் செல்லாது. பொம்மைக்கே பாய் வேணும் என்றால் மனுசனுக்கு வேண்டாமா?

சரி, எந்தப் பாய்? இங்கேதான் காற்றடிக்கும் படுக்கை வருகிறது. சும்மா காற்றடித்த மெத்தை, கடற்கரையில் மிதக்க விடுவோமே, அது குளிருக்கு உதவாது. காற்று நல்ல காப்புத்தான், ஆனால் அசையாமல் நிற்கும் காற்று மட்டும்தான். பெரிய குழாய்களுக்குள் அடைத்த காற்று நீங்கள் புரளும்போதெல்லாம் சுற்றும். மேலே உங்கள் உடம்பில் சூடாகி, கீழே மண்ணில் ஆறி, சூட்டைச் சுமந்து கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குளிருக்கென்று செய்த படுக்கைகளுக்குள்ளே செயற்கைப் பஞ்சு, வாத்து இறகு, அல்லது வெப்பத்தைத் திருப்பியடிக்கும் மெல்லிய பளபளப்புத் தாள்கள் வைக்கிறார்கள். காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துக் கட்டிப்போடுவதுதான் வேலை.

இதை அளக்க ஆர் மதிப்பு என்று ஒரு எண் உண்டு. சூடு வெளியேறுவதைப் படுக்கை எவ்வளவு தடுக்குது என்பதுதான் அது. எண் இரண்டு மடங்கானால் படுக்கை வழியாகப் போகும் சூடு பாதியாகும். 2018க்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து எண் போட்டது. அந்த வருடம் பொதுவான சோதனை முறை ஒன்று வந்த பிறகுதான் ஒரு கம்பெனியின் 4ஐ இன்னொரு கம்பெனியின் 4ஓடு ஒப்பிட முடிந்தது. காப்பில்லாத காற்று மெத்தை 1க்குப் பக்கத்தில் நிற்கும். மடித்துக் கட்டிக்கொண்டு போகும் சாதாரண ஃபோம் பாய் 2 அளவில். நல்ல காப்புள்ள காற்றுப் படுக்கை 4, 5. பனிமலைக்கென்று செய்தவை 7ஐத் தொடும். இன்னொரு நல்ல விசயம், இந்த எண்கள் கூட்டலாம். 2க்கு மேல 2 போட்டால் 4. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

வட்டகொடை உயரத்துக்கு 3 போதும் என்பது எங்கள் அனுபவம். 2,100 மீற்றரில் இருக்கும் ஹோட்டன் சமவெளியில், மேகமில்லாத ஜனவரி இரவென்றால், 4க்குக் குறைந்து போக வேண்டாம். வாயால் ஊத வேண்டாம், மூச்சில் இருக்கும் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சணம் பிடிக்கும், இறகு என்றால் கட்டிதட்டும். கூட வரும் பையால் காற்றடியுங்கள். ராத்திரி படுக்கை தளர்ந்தால் உடனே ஓட்டை என்று பதறாதீங்க. காற்று குளிர்ந்தால் சுருங்கும், அவ்வளவுதான். கூடாரம் ஆறினபிறகு இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டுப் படுத்தால் சரி. மெய்யாகவே ஓட்டை என்றால் சவர்க்காரத் தண்ணி, குமிழி, ஒட்டு. சைக்கிள் டியூப் மாதிரிதான். தேயிலை வெட்டிய முட்டு எதையும் துளைக்கும், கவாத்து மலையில் பேட் விரிக்கவே வேண்டாம்.

இதெல்லாம் யார் யோசித்தது? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் போயிங் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை வேலையை விட்டு நிறுத்தியது. அப்படி வேலை போன இரண்டு பொறியியலாளர்கள் இன்னொரு மலையேறியோடு சேர்ந்து, ஃபோமும் காற்றும் சேர்ந்த, திறந்ததும் தானே உப்பும் படுக்கையைச் செய்தார்கள். தெர்ம்-ஏ-ரெஸ்ட் என்ற பெயரில் வந்தது அதுதான். வேலை போன தொழிலாளி தரையில் படுக்கிறதைப் பற்றி யோசிச்சிருக்கான் பாருங்க.

இனி எங்கள் சண்டைக்கு வருவோம்.

தரை சூட்டைத் திருடும் என்று கேம்பிங் போகிற எல்லாருக்கும் தெரியும். அதற்கு எண் இருக்கு, சோதனைக்கூடம் இருக்கு, இருநூறு டொலர் விலை இருக்கு. ஒரே ஒரு ராத்திரி தரையில் படுக்கிறவனுக்காக இவ்வளவும். ஆனால் அவன் கூடாரம் போட்ட இடத்துக்குக் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், லயத்தில், தலைமுறை தலைமுறையாக வருடத்துக்கு 365 ராத்திரி தரையில் படுக்கிறவர்களுக்கு இந்த அறிவு ஏன் போய்ச் சேரவில்லை?

போய்ச் சேர்ந்தது எல்லாம் கம்பளிதான். இது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கரையிறங்கி நடந்து வந்து தோட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அரிசியோடு ஒரு கறுப்புக் கம்பளியும் கொடுப்பார்கள். இனாமாக இல்லை. கணக்கில் பற்று. அந்தக் கம்பளிக் கடனும் மற்றக் கடன்களும் ஏறித்தான் துண்டில் எழுதப்பட்டன. துண்டு முறையை ஒழிக்க 1921இல் சட்டம் வரவேண்டியிருந்தது. அந்த ஒரே கம்பளிதான் பகலில் மலையில் மழைக்குக் கொங்காணி, ராத்திரியில் போர்வை. நனைந்த கம்பளியைத்தான் போர்த்தினார்கள். கீழே சாணி மெழுகிய மண்தரை, அதன்மேல் ஒரு சாக்கு. கொடுத்தவனுடைய கணக்கில் மேலே ஒரு துணி இருந்தால் ஆள் அடுத்த நாள் பெரட்டுக்கு வருவான். கீழே என்ன இருக்கு என்பது அவன் கணக்கில் இல்லை.

துண்டு போச்சு, கம்பளி போகவில்லை. மார்கழி வந்தால் கொழும்பிலிருந்து சங்கம், மன்றம், கிளப், வங்கி, கட்சி என்று ஆளுக்கொரு பெனருடன் வருவார்கள். லயத்து வாசலில் வரிசை. பாட்டிமார் கையில் பொலித்தீன் உறையோடு ஒரு போர்வை, பக்கத்தில் சிரிச்சிக்கிட்டு நாலு பேர், ஒரு போட்டோ. எங்க அம்மாயிமார் வீட்டில் ட்ரங்குப் பெட்டிக்கு மேல் உறை பிரிக்காத போர்வைகள் நாலு அஞ்சு அடுக்கி இருக்கும். யாராவது விருந்தாளி வந்தால் எடுப்பாங்க. அந்த அம்மாயி படுப்பது என்னவோ சீமெந்துத் தரையில், ஒரு பன்பாய், அதற்குக் கீழே பிரித்த உரச்சாக்கு. எங்களுக்குத் தெரிந்து ஒரு பெனரும் பாய்க்குக் கீழே எட்டிப் பார்த்ததில்லை.

சீமெந்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மண்தரையில் இவ்வளவு சில்லிப்பு இல்லை என்று வயசானவர்கள் சொல்வார்கள். பழைய காலத்துப் பெருமை என்று நாங்கள் அதை ஒதுக்கியதில்லை, அதில் இயற்பியல் இருக்கு. உலர்ந்த மண்ணைவிடச் சீமெந்துத் தளம் வேகமாகச் சூட்டை இழுக்கும். பலகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பத்து மடங்கு. அசையாத காற்றோடு ஒப்பிட்டால் நாற்பது மடங்குக்கும் மேல். லயத்துக்குச் சீமெந்து வந்ததை முன்னேற்றம் என்று எழுதினார்கள். புழுதிக்கும் பூச்சிக்கும் அது முன்னேற்றம்தான். முதுகுக்கு இல்லை. ஆடி மாதத்துத் தூத்தலில் அந்தத் தளம் வேர்த்து ஊறி நிற்பதை லயத்தில் வளர்ந்தவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இதே தோட்டத்தில் தரைக்குக் கீழே என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெரியாது என்று நினைக்காதீங்க. பெக்டரிக்குள் போய்ப் பாருங்க. பறித்து வந்த கொழுந்தை யாரும் வெறும் சீமெந்தில் கொட்டி விடிய வைக்க மாட்டார்கள். வாட்டுகிற தொட்டி இருக்கு. உயரத்தில் கம்பி வலை, அதன்மேல் கொழுந்து, அடியிலிருந்து விசிறி வைத்துக் காற்று. ஈரக்காலம் என்றால் அந்தக் காற்றைச் சூடாக்கி அனுப்புவார்கள். ராத்திரி முழுக்க ஒருவர் நின்று கையால் தொட்டுப் பார்ப்பார். கொழுந்துக்குக் கீழே சூட்டுக் காற்று, கொழுந்து பறிச்ச பொம்பளைக்குக் கீழே உரச்சாக்கு.

"அவங்களுக்குப் பழகிருச்சு." இந்த வசனத்தைத்தான் நாங்கள் அதிகம் கேட்டிருக்கிறோம். துரைமாரிடம் மட்டும் இல்லை, எங்களோடு மலையேற வரும் நல்ல மனசுக்காரர்களிடமும். பல்லுக் கிட்டித்துக்கொண்டே, "எப்படித்தான் இந்தக் குளிர்ல இருக்கிறாங்களோ, உடம்பு அப்படிப் பழகியிருக்கும்" என்பார்கள். பழக்கம் என்பது என்ன? நாலு மணிக்கு எழும்பி அடுப்புப் பற்ற வைப்பது பழக்கம். பிள்ளைகளை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் பெரியவர்கள் படுப்பது பழக்கம். அடுப்படியில் சுருண்டு படுப்பது பழக்கம். இதெல்லாம் குளிரைத் தாங்கும் உடம்பின் அடையாளம் இல்லை, குளிரைத் தாங்க முடியாத உடம்பு கண்டுபிடித்த வழிகள். மலைநாட்டுத் தமிழனின் இரத்தத்துக்கும் உறை நிலைக்கும் தனி ஒப்பந்தம் எதுவும் கிடையாது. உடம்புக்கு 37 பாகை, வெள்ளவத்தையில் படுத்தாலும் வட்டகொடையில் படுத்தாலும்.

இடம்பெயர்ந்து நிற்கும்போது இது இன்னும் கொடுமை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள், பிறகு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நீண்ட காலம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டில் அதேதான், வகுப்பறைத் தரைகள் படுக்கையாகின. இரண்டு தடவையும் லொறி லொறியாக வந்தது போர்வை, உடுப்பு, நூடில்ஸ். நன்றி கெட்டுப் பேசவில்லை. அந்த நேரத்தில் வந்த ஒவ்வொரு லொறியும் தேவைதான். ஆனால் ஈரமான வகுப்பறைத் தரையில் கைக்குழந்தையோடு படுக்கிறவளுக்கு நாலாவது போர்வையைவிட முதலாவது ஃபோம் துண்டு பெரிது. நிவாரணப் பட்டியல் எழுதுகிறவர்களில் ஒருவராவது கேம்பிங் போனவராக இருந்திருக்க மாட்டாரா? தனக்கு என்றால் பேட் இல்லாமல் பையைக் கட்டுவாரா?

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆட்களோடும் சண்டை இருக்கு. குழுவில் இதைப் பேசியபோது ஒரு தோழர் சொன்னார்: "லயத்துப் பிரச்சினை காணி, வீடு, சம்பளம். நீங்கள் வெள்ளைக்காரன் மெத்தையைப் பற்றி எழுதுறீங்க. இது மத்தியதர வர்க்கத்து விளையாட்டு." விலையைப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம் போலத் தெரியும். இருநூறு டொலர் என்றால், டொலர் முந்நூறு ரூபா என்று வைத்தாலும், 60,000. 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 44 நாள் முழுப் பேர் போட்டாலும் அந்தக் காசு சேராது. அந்தப் படுக்கையை லயத்துக்கு வாங்கிக்கொடு என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் தரைக்குளிர் என்பது வீட்டுப் பிரச்சினையே இல்லை என்பது போல அந்தத் தோழர் பேசியதை நாங்கள் ஏற்கவில்லை. வீடு என்றால் என்ன? இதுவரை வந்த வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். 550 சதுர அடி, ஏழு பேர்ச் காணி, கூரை, ஜன்னல், கழிவறை எல்லாம் கேள்விக்கு வந்தன, போராடி வாங்கினோம். தளத்துக்குக் கீழே ஈரம் ஏறாமல் ஒரு பொலித்தீன் விரிப்பு, குளிர் ஏறாமல் ஒரு காப்பு, அல்லது படுக்கும் அறைக்கு மட்டுமாவது பலகைத் தளம் என்று எந்த மேடையில் எந்தத் தலைவர் பேசினார்? 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் கட்டும் வீட்டுக்கும் புத்தளத்தில் கட்டும் வீட்டுக்கும் ஒரே தளம் போட்டால் அது யாருடைய வரைபடம்? பழைய துரைமார் பங்களாக்களில் பலகைத் தளம் இருந்தது, கணப்பு அடுப்பு இருந்தது, கம்பளம் இருந்தது. குளிர் கீழேயிருந்து வருது என்று அவர்களுக்கு நல்லாத் தெரியும். இன்றைக்கு அதே பங்களாவில் ஒரு ராத்திரிக்கு டொலரில் வாடகை வாங்குகிறார்கள்.

சி.வி. வேலுப்பிள்ளை பிறந்தது எங்கள் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில், 1914இல். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அவரைப் பற்றிக் கூட்டம் வைக்கும்போதெல்லாம் அவர் எழுதிய மண்ணைப் பற்றிப் பேசுகிறோம். மண் என்றால் பாட்டு மட்டும்தானா? அதன்மேல் படுக்கிறவர்களின் முதுகும்தானே.

கேம்பிங் வருகிறவர்களை நாங்கள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் போகிறோம், எங்களுக்கும் அந்த மலை பிடிக்கும், பேட்டைச் சுருட்டிப் பையில் கட்டிக்கொண்டு ஏறுவதில் ஒரு சந்தோசம் இருக்கத்தான் செய்யுது. இரண்டு விசயம்தான் கேட்கிறோம். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு "இந்த எளிமையான வாழ்க்கை" என்று எழுதாதீங்க. உங்களால் ஒரு ராத்திரிகூடத் தாங்க முடியாத தரையை எளிமை என்று சொல்வதற்குப் பெயர் வேற. அடுத்தது, பழைய ஃபோம் பாய்களைக் குப்பையில் போடாதீங்க. காப்பு போன காற்றுப் படுக்கை யாருக்கும் உதவாது, ஆனால் ஃபோம் பாய் கிழிந்தாலும் வேலை செய்யும்.

மார்கழிக்குக் காசு சேர்க்கும் சங்கங்களே, இந்த வருசம் போர்வைக்கு ஓடர் கொடுக்க முதல் ஒரு தரம் கேளுங்கள். அதே காசுக்கு மூடிய கலம் உள்ள ஃபோம் சுருள் வாங்கி ஆளுயரத்துக்கு வெட்டலாம். பலகைக் கட்டில் என்றால் இன்னும் நல்லது, தோட்டத்துத் தச்சுவேலைக்காரருக்கும் வேலை. போட்டோவில் போர்வை அளவுக்கு அழகாக இருக்காது என்பது உண்மை. மலிவு என்று ரிஜிபோம் தகடு கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு: குளிரை அது நல்லாவே நிறுத்தும், ஆனால் தீப்பிடித்தால் கரும்புகையோடு உருகி எரியும். அடுப்பும் படுக்கையும் ஒரே காம்பராவில் இருக்கும் லயத்துக்கு, ஏற்கனவே தீயில் லயம் லயமாகப் போன எங்களுக்கு, அது வேண்டாம்.

வீட்டில் அம்மாயி, அப்பாயி தரையில் படுக்கிறார்கள் என்றால் ஃபோம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ட்ரங்குப் பெட்டிக்கு மேலே இருக்கும் போர்வைகளை இறக்குங்கள். எல்லாத்தையும் மேலே போர்த்தாமல், ஒன்றை மட்டும் மேலுக்கு வைத்துவிட்டு மற்றதை நாலாய் மடித்துக் கீழே விரியுங்கள். எண்கள் கூடும் என்று சொன்னோமே, இங்கேயும் அதேதான். அடியில் ஓதம் ஏறாமல் பொலித்தீன், அதன்மேல் காட்போட் பெட்டி இரண்டு அடுக்கு, அதன்மேல் போர்வை, எல்லாத்துக்கும் மேலே பாய். காட்போட்டைக் காலையில் எடுத்து வெயிலில் காய வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். "கொடுத்த போர்வையை யாராவது கீழே போடுவாங்களா" என்று அம்மாயி சத்தம் போடுவாங்க. ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கச் சொல்லுங்க.